மலை ஊர் அப்பா கேட்ட கேள்வி

தொண்டை அடைப்பானில் (டிப்தீரியா) கிருமி தொண்டையோடு நின்றுவிடும். ரத்தத்தில் ஏறி இதயம் வரை போவது அது விடும் நச்சுப் புரதம்தான். நம் செல்களின் மேல் எச்பி-இஜிஎஃப் என்று ஒரு புரதம் இருக்கிறது. செல் வளர, புண் ஆற உதவுவது. நச்சின் ஒரு பகுதி அதைப் பிடித்துக்கொள்ளும், செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபகுதி உள்ளே நழுவி, செல் புரதம் தயாரிக்கத் தேவையான ஈஎஃப்-2 என்ற இன்னொரு புரதத்தை முடக்கிவிடும். ஒரு செல் சாக ஒரே மூலக்கூறு போதும் என்று 1978இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுண்டெலியில் எச்பி-இஜிஎஃப் கொஞ்சம் மாறியிருப்பதால் நச்சு சரியாக ஒட்டாது, அது தப்பித்துவிடும். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இதற்கான நச்சுமுறி மருந்து ஆன்டிடாக்சின். அது வெளியே திரியும் நச்சை மட்டும்தான் பிடிக்கும். செல்லுக்குள் போனதைத் தொடாது. அதனால்தான் அஞ்செட்டிப் பக்கத்து மலை ஊர்ப் பையனின் டான்சிலில் சாம்பல் நிறப் படலத்தையும், ஸ்வாப் பட்டதும் அதன் ஓரத்தில் ரத்தம் கசிந்ததையும் பார்த்தவுடன், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அந்த மருந்தை ஆரம்பித்தோம்.

மருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் அப்பா கேட்டார்: “ரெண்டு மூணு நாளு வீட்லயே வெச்சிருந்துட்டேங்க சார். முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லா கேட்டிருக்குங்களா?”

“இப்பவாவது கூட்டிட்டு வந்தீங்களே அண்ணா” என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை. எங்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்றால், அவர் வீட்டில் போன நாட்களுக்கும் கணக்கு உண்டுதானே. அதை அப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? ஜுரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கி, பஸ் பிடித்து வந்தவர். பையனின் இதயம் என்ன ஆகுமோ என்று தினம் இசிஜி பார்த்துக்கொண்டிருந்த நாங்களே பயத்தில்தான் இருந்தோம். அவர் தலையில் இன்னும் ஒரு பாரத்தை ஏற்ற மனம் வரவில்லை.

பையன் பிழைத்தான். விட்டுப்போயிருந்த பூஸ்டர் ஊசியையும் போட்டு அனுப்பினோம்.

அப்புறம் அந்த ஊருக்கு முகாம் போகவிருந்த கிராம செவிலியர் போன் செய்தார். “தொண்டை வலின்னா ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீங்க, தள்ளினா மருந்து கேக்காமப் போகலாம்னு சொல்லட்டுமா சார்? அந்த அப்பாவும் கூட்டத்துல இருப்பாரு.”

கண்டிப்பாகச் சொல்லுங்கள் என்றேன். வேறென்ன சொல்ல முடியும், அங்கே இன்னும் எத்தனையோ பிள்ளைகள். ஆனால் நான் தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கக்கூடியதை அந்த அப்பா ஊரார் நடுவில் நின்று கேட்டிருப்பார். வார்டில் நான் காட்டியது இரக்கமா என்று அதற்குப் பிறகுதான் சந்தேகம் வந்தது.