அப்பாவின் இருபது நாள் சிகிச்சைப் பயணம்

அப்பாவுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பது உறுதியானபின், திங்கள் முதல் வெள்ளி வரை 4 வாரங்களில் 20 முறை கதிர்வீச்சு தர வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்தார். ஒவ்வொரு முறையும் மேசையில் படுத்து எழுவதற்கு ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். அதிலும் கதிர் பாய்வது சில நிமிடங்களே. ஆனால் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்பவும் ஒன்றரை மணி நேரம். ஆகவே அந்த ஒரு மாதமும் எங்கள் கவனம் முழுவதும் பயணத்தின் மீதே இருந்தது.

சிகிச்சையின்போது சிறுநீர்ப்பை நிரம்பியும் மலக்குடல் காலியாகவும் இருக்க வேண்டும் என்றார்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் குடல் மேலே தள்ளப்பட்டுக் கதிரின் பாதையிலிருந்து விலகுகிறது, திட்டமிடுவதற்காக சி.டி. ஸ்கேன் எடுத்த அன்று உள்ளுறுப்புகள் இருந்த நிலை ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ அப்படியே அமைந்தால்தான் கதிர் சரியான இடத்தில் படும். இதை அறிந்திருந்தும் முதல் நாள் தவறு செய்தோம். வீட்டிலேயே தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பியதால், பாதி வழியில் அப்பாவால் பொறுக்க முடியவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்வந்தவருக்கு மருத்துவமனையில் மீண்டும் குடித்துக் காத்திருக்க நேர்ந்தது. எங்கள் முறையும் கடந்துபோயிற்று. அவர் முகத்தில் அன்று கண்ட கூச்சத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் கதிர்வீச்சுப் பிரிவின் தொழில்நுட்பர் ஒருவர் சொன்ன வழிதான் எங்களைக் காப்பாற்றியது. குறித்த நேரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகச் சென்று, இயந்திரம் தாமதமின்றி இயங்குகிறதா என்று முதலில் விசாரித்து, அதன்பின் சிறுநீர் கழித்துவிட்டு, அவர்கள் சொன்ன அளவு தண்ணீரைக் குடித்துக் காத்திருக்க வேண்டும். விசாரிக்காமல் குடித்துவிட்டு, முன்னால் இருப்பவர்களுக்குத் தாமதமானால் அவதி நமக்குத்தான். முந்தைய நாள் போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர்ப்பை நிரம்ப அதிக நேரம் பிடிக்கும் என்பதையும் அவரே சொன்னார்.

அண்ணனும் நானும் ஆளுக்கு ஒருநாளாக மாறி மாறி அழைத்துப் போனோம். இருவரும் சேர்ந்து போக வேண்டும் என்று தொடக்கத்தில் பிடிவாதமாக இருந்தேன். அது தேவையில்லை, ஒருவர் ஓய்வெடுத்தால்தான் அடுத்த நாள் நிதானமாக வண்டி ஓட்ட முடியும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். "உங்கள் வேலையெல்லாம் கெடுகிறதே" என்று அப்பா வருந்துவார். அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி, மருத்துவமனையில் 20 நாளும் ஒரே நேரம் கேட்டு வாங்கிக்கொண்டபின் அந்த வருத்தம் ஓரளவு குறைந்தது. சனி, ஞாயிறு இடைவெளியில் நல்ல திசுக்கள் தேறிக்கொள்கின்றன. அதற்கு மேல் நாள்களைத் தவறவிடுவது நல்லதன்று என்பதால் குடும்ப நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்தோம்.

முதல் வாரம் அப்பா பேத்தியை அருகில் வரவிடவில்லை. "கரண்ட் வைத்த உடம்பு, குழந்தைக்கு ஆகாது" என்று ஒதுங்கியே இருந்தார். வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர் உடலில் தங்குவதில்லை என்று வாராந்தரப் பரிசோதனையின்போது மருத்துவர் விளக்கினார். அன்று மாலையே குழந்தை அவர் மடியில் இருந்தாள். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் சிறுநீர் எரிச்சலும் அடிக்கடி போக வேண்டிய அவசரமும் தொடங்கின. திரும்பும் வழியில் சுத்தமான கழிப்பறை உள்ள இரண்டு இடங்களைக் குறித்துவைத்தோம். மாற்றுடை ஒன்று எப்போதும் வண்டியில் இருந்தது. எரிச்சலை மருத்துவரிடம் சொன்னதும் மருந்து தந்தார். சோர்வு மட்டும் நாளுக்கு நாள் கூடியது. கடைசி நாளோடு அது நிற்காது என்று எச்சரித்திருந்தார்கள். எனவே சிகிச்சை முடிந்தபின்னும் இரண்டு வாரங்களுக்கு எங்கும் போகவில்லை, யாரையும் வரச் சொல்லவும் இல்லை. பகலில் அப்பா வேண்டிய மட்டும் உறங்கினார்.