ரெண்டாவது எழுத்துல தேடுங்க

பாட்டு எழுதணும், கவிதை எழுதணும், ராப் எழுதணும்னு ஆசைப்படறவங்க பெரும்பாலும் முதல்ல கேக்கறது “இந்த வார்த்தைக்கு ரைமிங்கா வேற என்ன வரும்?”னுதான். கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. ஆனா தேட ஆரம்பிக்கும்போது எல்லாரும் வார்த்தையோட கடைசி எழுத்துலதான் போய் நிக்கறாங்க, தமிழ்ல அங்க தேடினா கிடைக்கறது அவ்வளவு பிரயோஜனமா இருக்காதுங்கறது என்னோட உறுதியான எண்ணம். ஏன்னு சொல்றேன்.

வந்தேன், நின்னேன், சிரிச்சேன், அழுதேன். எல்லாமே ஒரே மாதிரி முடியுது. ஆனா இங்க ஒத்துப்போறது வெறும் ‘ஏன்’ங்கற விகுதி மட்டும்தான், “நான்தான் செஞ்சேன்”னு சொல்றதுக்கு தமிழ் இலக்கணம் இலவசமா ஒட்டிக் கொடுக்கறது அது. எந்த வினைச்சொல்லை எடுத்தாலும் ஒட்டிக்கும். அதே மாதிரிதான் வீட்டில், காட்டில், கண்ணில், மண்ணில்னு ‘இல்’ போட்டு முடிக்கறதும், அழகாய், மெதுவாய், தனியாய்னு ‘ஆய்’ போட்டு முடிக்கறதும். ஒரு பக்கம் முழுக்க இப்படி எழுதிடலாம், காதுக்கு ஒரு டக் டக்னு சத்தம் கிடைக்கும், ஆனா ஒரு வார்த்தைக்கும் இன்னொரு வார்த்தைக்கும் உள்ளுக்குள்ள எந்த உறவும் வராது, ஏன்னா தமிழ்ல வார்த்தையோட பொருள் இருக்கறது முன்னாடி. வேர்ச்சொல் முன்னாடி நிக்கும், பின்னாடி வர்றதெல்லாம் காலம், இடம், ஆள் காட்டறதுக்காக வந்து ஒட்டினது.

இதை நம்ம முன்னோர் நல்லா உணர்ந்திருந்தாங்கன்னு நான் நம்பறேன். தொல்காப்பியம் செய்யுளியல்ல முதல் எழுத்து ஒத்து வந்தா மோனை, அதை விட்டுட்டு அடுத்தது ஒத்து வந்தா எதுகை, கடைசி ஒத்து வந்தா இயைபுன்னு மூணையும் சொல்லியிருக்கு, ஆனா பின்னாடி வந்த வெண்பா, விருத்தம்னு எதை எடுத்தாலும் அடிக்கு அடி விடாம பிடிச்சுக்கிட்டு வர்றது எதுகைதான். சினிமாப்பாட்டுலயும் ராப்புலயும் இயைபு இன்னும் முன்னுக்கு வந்துச்சு. இயைபு வேண்டாம்னு சொல்ல வரலை, மெட்டுல உக்காரும்போது அது தேவைதான். ஆனா தேடலை எதுகையில ஆரம்பிச்சா ரெண்டு வேர்ச்சொல்லும் நேருக்கு நேர் சந்திக்கும், பொருளும் கூடவே வரும்.

எதுகைக்கு விதி சின்னதுதான். ரெண்டாவது எழுத்து ஒண்ணா இருக்கணும், முதல் எழுத்து அளவுல ஒத்துப்போகணும், அதாவது இங்க குறில்னா அங்கயும் குறில், இங்க நெடில்னா அங்கயும் நெடில். அதனால மலைக்கு அலை, இலை, சிலை, விலை எல்லாம் சரி, மாலை சரிவராது. மாலைக்கு சோலை, பாலை, ஓலை, வேலை வரும். பட்டத்துக்கு சட்டம், வட்டம், திட்டம் வரும், கூட்டம் வராது, கூட்டத்துக்கு ஆட்டம், ஓட்டம், தோட்டம், நாட்டம். சத்தமா சொல்லிப் பாருங்க, அந்த அளவு மாறும்போது காதே சொல்லிடும்.

ஏமாற்றம்னு ஒரு வார்த்தை இருக்கே, அதை பாதிப் பேர் மாற்றத்துக்கு எதுகைன்னு போட்டுடறாங்க. ஏமாற்றத்துல ரெண்டாவது எழுத்து ‘மா’, மாற்றத்துல ‘ற்’. ரெண்டும் கடைசியில ஒத்துப்போகுது அவ்வளவுதான், அது இயைபு. எதுகையா வேணும்னா ஏமாற்றத்தோட சீமான், கோமாளி மாதிரி வார்த்தைங்கதான் வரும்.

சரி, எப்படித் தேடறது? இதுக்கு ஆப் எதுவும் வேண்டாம், பேப்பரும் பேனாவும் போதும். தமிழ்ச்சொல் எதுவும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இந்த எழுத்துங்கள்ல தொடங்காதுங்கறது நமக்குப் பெரிய வசதி. சொல்லுக்கு முதல்ல அதிகமா வர்றது உயிரெழுத்து, அப்புறம் க, ச, த, ந, ப, ம, வ வரிசை. மொத்தம் எட்டு வரிசை. குறில் அ, இ, உ, எ, ஒ அஞ்சு. எட்டஞ்சு நாப்பது, அதுல வு, வொ ரெண்டும் முதல்ல வராது, ஆக 38 இடம். நெடில்லயும் ஐ, ஔ ரெண்டையும் தனியா வச்சுட்டா அதே 38. கூடவே ஞா, யா மாதிரி சிலது. அவ்வளவுதான் உலகம். உங்க வார்த்தையோட முதல் எழுத்தை எடுத்துட்டு அந்த 38 எழுத்தையும் ஒண்ணொண்ணா வச்சு வாய்விட்டு சொல்லிக்கிட்டே போங்க, எது வார்த்தையா நிக்குதோ அதை எழுதிக்கோங்க. தெரியாத வார்த்தை மாதிரி தோணினாலும் எழுதிக்கோங்க, அது நிஜமாவே இருக்கற வார்த்தையாங்கறதை அகராதி சொல்லும். ராப் எழுதறவங்களுக்கு டோக்கன், லோன், ரூட்டுன்னு வெளியிலேந்து வந்த வார்த்தைங்களும் சேர்ந்துக்கும், அவங்களுக்குக் களம் இன்னும் பெருசு.

‘ற்றம்’ எடுத்துப் பாக்கலாம். குறில்ல வச்சா அற்றம், குற்றம், கொற்றம், சுற்றம், செற்றம், முற்றம். நெடில்ல வச்சா ஏற்றம், மாற்றம், தோற்றம், சீற்றம், தேற்றம், கூற்றம், நாற்றம். எதுகைக்குக் கடைசி எழுத்து ஒத்துப்போகணும்னு கட்டாயமே இல்லைங்கறதால காற்று, நேற்று, ஊற்று, ஆற்றல், போற்றின்னு நெடில் குடும்பம் இன்னும் விரியும். கையில இவ்வளவு கிடைச்சதும் உடனே வரியில போட கை துறுதுறுங்கும், அங்கதான் நிறுத்தணும். இனிமேதான் நிஜமான வேலை, ஒவ்வொண்ணுக்கும் பொருள் பாக்கறது.

சீற்றமும் செற்றமும் கோபத்தோட சம்பந்தப்பட்டதுதான். ஆனா சீற்றம் சட்டுனு வெளிய பாயறது, அதுல ஒரு சத்தம் இருக்கு, பாம்பு சீறுது, கடல் சீற்றமா இருக்குன்னு சொல்றோம். செற்றம் அப்படி இல்லை, ரொம்ப நாளா உள்ளுக்குள்ளயே வச்சிருக்கற பகை. அமைதியா சிரிச்சுப் பேசற ஒருத்தர் மனசுல செற்றம் இருக்கலாம், சீற்றம் இருக்க முடியாது. கோபம்னு அர்த்தம் போட்டிருக்கேன்னு ஒண்ணுக்கு பதில் இன்னொண்ணை வச்சா கதாபாத்திரமே வேற ஆளா மாறிடும். கூற்றம்னா எமன். தேற்றம்னா தெளிவு, உறுதி, கணக்குப் பாடத்துல வர்ற தேற்றமும் அதுதான், நிரூபிச்சு உறுதியானது. அற்றம்னா அழிவு, சோர்வு. நாற்றத்துக்கு முன்னாடி வாசனைன்னுதான் பொருள், திருக்குறள்ல மொட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கற மணத்தையே நாற்றம்னு சொல்லியிருக்கு. இன்னைக்கு காதலியோட கூந்தல் பத்தி எழுதும்போது அந்தப் பழைய பொருளை நம்பி இந்த வார்த்தையை வைக்க முடியாது, கேக்கறவங்க மனசுல இன்னைக்குப் பொருள்தான் எழும்பும். மாலைக்கு எதுகையா வர்ற வேலைக்கும் பழைய காவியங்கள்ல கடல்னு ஒரு பொருள் உண்டு, வெண்பா எழுதறவருக்கு அது தங்கம், மேடைப்பாட்டு எழுதறவருக்கு உதவாது.

அதனால அகராதி ஒண்ணோட நிறுத்தாதீங்க. சென்னைப் பல்கலைக்கழகத்து தமிழ் லெக்சிகன், 1924லேந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, அதுல ஒரு சொல்லுக்கு காலம் காலமா இருந்த எல்லாப் பொருளும் கிடைக்கும். 1992ல முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில இன்னைக்கு நாம எப்படிப் புழங்கறோம்னு எடுத்துக்காட்டு வாக்கியத்தோட இருக்கும். முதல்ல லெக்சிகன் பாத்து என்னென்ன பொருள் சாத்தியம்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் க்ரியா பாத்து எது உயிரோட இருக்குன்னு தெரிஞ்சுக்கறது எனக்குப் பிடிச்ச வரிசை. பொருளை மட்டும் பாக்காம அந்த வார்த்தை எந்த வினைச்சொல்லோட சேர்ந்து வருதுன்னும் பாக்கணும். மாற்றம் வரும், ஏற்றம் பெறும், குற்றம் செய்வாங்க, குற்றம் சாட்டுவாங்க. இந்த ஜோடி தெரியலைன்னா எதுகை சரியா இருந்தும் வரி ஒட்டாம நிக்கும்.

பொருள் ஏன் இவ்வளவு முக்கியம்னா, ரெண்டு வார்த்தையை எதுகையில கட்டின உடனே கேக்கறவங்க மனசு அது ரெண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்குன்னு எடுத்துக்கும். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு கொன்றை வேந்தன்ல ஒரு வரி. அதையே தப்பு பாத்தா சொந்தக்காரங்க இல்லைன்னு சொல்லிப் பாருங்க, கருத்து அதேதான், ஆனா அந்தப் பிடிப்பு போயிடும். குற்றமும் சுற்றமும் ஒரே சத்தத்துல நிக்கறதாலதான் ரெண்டும் பிரிக்க முடியாத மாதிரி மனசுல பதியுது. இதே சுற்றத்தைக் கொண்டுபோய் கொற்றத்தோட கட்டினா அது அரசாட்சியும் உறவும் பத்தின பேச்சு, முற்றத்தோட கட்டினா கூடி உக்காந்து பேசற வீடு.

சத்தத்தையும் பொருளையும் ஒரே இடத்துல வைக்கணும்ங்கற யோசனை நமக்குப் புதுசு இல்லை. மண்டல புருடர் எழுதின சூடாமணி நிகண்டுல (நிகண்டுன்னா செய்யுளா எழுதின பழைய அகராதி) பதினோராவது தொகுதி, ஒரே சொல்லுக்கு வர்ற பல பொருளைச் சொல்ற பகுதி, அது முழுக்க எதுகை வரிசையில அடுக்கினது, ககர எதுகை, சகர எதுகைன்னு போகும். படிக்கறவன் மனப்பாடமும் பண்ணிக்கலாம், எழுதறவன் எதுகையும் எடுத்துக்கலாம், பொருளும் அங்கேயே இருக்கும். அதை விட நேரடியா, வீரமாமுனிவர் 1732ல செஞ்ச சதுரகராதியில பெயர், பொருள், தொகை, தொடைன்னு நாலு பகுதி, அதுல நாலாவதான தொடையகராதி எதுகைச் சொல் தேடறவங்களுக்காகவே போட்டது. கிட்டத்தட்ட முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே தமிழுக்கு ரைமிங் டிக்‌ஷனரி வந்தாச்சுன்னு நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

கம்ப்யூட்டர்ல இதைச் செய்யப் போறவங்க ஒண்ணு கவனிக்கணும். யூனிகோட்ல ‘மா’ங்கறது ஒரு எழுத்து இல்லை, மவும் துணைக்காலும் சேர்ந்த ரெண்டு குறியீடு. மாலையில ரெண்டாவது எழுத்து கொடுன்னு சாதாரணமா கேட்டா ‘லை’ வராது, துணைக்கால்தான் வரும். எழுத்தை முழுசா எண்ணத் தெரிஞ்ச நிரல்ல பிரிச்சுட்டு அப்புறம் வரிசைப்படுத்தினாத்தான் பட்டியல் சரியா வரும்.

இன்னொரு விஷயம், ல ழ ள, ண ன, ர ற. வலி, வளி, வழி மூணும் வேற வேற பொருள், வளின்னா காற்று. யாப்புல, அதாவது செய்யுள் இலக்கணத்துல, இந்த மூணையும் சேக்க இடம் இருக்கு, ல ழ ள மூணுமே இடையினம், அதனால இன எதுகை. ண ன ரெண்டும் மெல்லினம், அதுவும் சரி. ஆனா ர இடையினம், ற வல்லினம், கரியும் கறியும் இன எதுகை கூட ஆகாது, பேச்சுல ரெண்டும் ஒரே மாதிரி கேட்டாலும்கூட. பாட்டுக்குக் காது போதும்னு ஒரு கட்சி உண்டு, பாடறதுக்கு மட்டும்னா நானும் ஒத்துக்கறேன். எழுத்துல அச்சாகப் போறதுன்னா விதிப்படி போறதுதான் அழகு.

கடைசியா ஒண்ணு செஞ்சு பாக்கலாம். “நேற்று வரைக்கும் கூட நடந்தவன்”னு ஒரு வரி வச்சுக்கோங்க. அடுத்த வரிக்கு ‘காற்று’ எடுத்தா “காற்று மாதிரி காணாம போயிட்டான்”, ஆள் விட்டுட்டுப் போயிட்டான். ‘ஊற்று’ எடுத்தா “ஊற்று மாதிரி உள்ளயே இருக்கான்”, போன பிறகும் மனசுல இருக்கான், ஊ-உ மோனையும் தானா வந்துடுச்சு. ‘கூற்றம்’ எடுத்தா “கூற்றம் வந்து கூட்டிப் போயிடுச்சு”, இப்ப ஆளே உயிரோட இல்லை. ‘மாற்றம்’ எடுத்தா “மாற்றம் வந்ததும் முகம் திருப்பிட்டான்”, துரோகம். எதுகை நாலுலயும் சரி. இதுல எந்தக் கதையைச் சொல்ல வந்தீங்களோ அந்த வார்த்தையை எடுத்துக்கோங்க.