நான்கு சைக்கிளா, அரை சைக்கிளா?

இன்டெலின் ஸ்கைலேக் பிராசசர் (2015) ஒரு ஃப்ளோட் (தசமப் புள்ளி எண்) கூட்டலுக்கு எத்தனை சைக்கிள், அதாவது எத்தனை கிளாக் துடிப்பு, எடுக்கும்? நான்கு என்றாலும் சரி, அரை என்றாலும் சரி. நான்கு என்பது லேட்டன்சி: உள்ளீடுகள் தயாரான கணத்திலிருந்து, விடையை அடுத்த கட்டளை எடுத்துக்கொள்ளும் வரை ஆகும் காலம். அரை என்பது த்ரூபுட்டிலிருந்து, அதாவது ஒரு சைக்கிளில் எத்தனை கூட்டல் நடக்கும் என்ற வீதத்திலிருந்து, வருவது: கூட்டல் யூனிட்கள் இரண்டு, ஒவ்வொன்றும் சைக்கிளுக்கு ஒரு புதிய கூட்டலைத் தொடங்கும். எதைச் சொல்கிறோம் என்று குறிப்பிடாமல் "கூட்டல் வேகமானது" என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

எந்த எண் பொருந்தும் என்பதை நிரல்தான் தீர்மானிக்கிறது. ஒரு அரேயை (எண்களின் வரிசையை) ஒரே மாறியில் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு கூட்டலும் முந்தைய விடைக்காகக் காத்திருக்கும். நான்கு சைக்கிளுக்கு ஒன்றுதான் முடியும். 4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 100 கோடி. யூனிட்கள் முழுதாக வேலை செய்ய 4 × 2 = 8 தனித்தனி மாறிகள் தேவை; தரவு எல்1 கேஷில் (கோருக்கு மிக அருகிலுள்ள சிறிய, வேகமான நினைவகத்தில்) இருந்தால் உச்சம் 800 கோடி. இதைக் கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) தானாகச் செய்யாது. கூட்டும் வரிசை மாறினால் ஃப்ளோட்டில் ரவுண்டிங் மாறி விடையும் மாறலாம் என்பதால், ஃபாஸ்ட்-மேத் போன்ற கம்பைலர் ஆப்ஷன் வழியே அனுமதி கொடுத்தால் மட்டுமே வரிசையை மாற்றும்.

அட்டவணைகளைப் பார்க்கும்போது கவனம் வேண்டும். இன்டெல் கையேட்டில் "த்ரூபுட்" என்ற தலைப்பின் கீழ் இருக்கும் 0.5, கட்டளைக்கு இத்தனை சைக்கிள் என்ற தலைகீழ் கணக்கு; அங்கே சிறிய எண்ணே நல்லது. அதை அப்படியே எடுத்து எழுதாமல் "சைக்கிளுக்கு 2" என்று மாற்றி எழுதுங்கள். குழப்பத்துக்கே இடமிருக்காது.

சைக்கிள் என்பதிலும் இரண்டு வகை. சிப்பின் நேரக் கவுன்ட்டரைப் படிக்கும் ஆர்டிடிஎஸ்சி கட்டளை தரும் எண்ணிக்கை இன்றைய இன்டெல் சிப்களில் மாறாத வீதத்தில் ஓடும். கோர் டர்போவில் (தற்காலிகமாகக் கிளாக்கை உயர்த்தும் நிலையில்) அதைவிட வேகமாக ஓடலாம். கவுன்ட்டர் 3 கிகாஹெர்ட்ஸிலும் கோர் 4.5 கிகாஹெர்ட்ஸிலும் இருந்தால் நான்கு சைக்கிள் லேட்டன்சி கவுன்ட்டரில் 2.67 என்று தெரியும். லினக்ஸில் பெர்ஃப் ஸ்டாட் என்ற அளவீட்டுக் கருவி "சைக்கிள்ஸ்" (கோரின் உண்மையான துடிப்பு), "ரெஃப்-சைக்கிள்ஸ்" (மாறாத வீதத் துடிப்பு) இரண்டையும் தனித்தனியாக எண்ணித் தரும். கோரின் நடத்தையைப் பேசும்போது முதலாவதையே எடுக்க வேண்டும்.

ஐபிசி, அதாவது ஒரு சைக்கிளில் முடியும் கட்டளைகளின் எண்ணிக்கை, இன்னொரு பொறி. நேரம் = கட்டளைகள் ÷ (ஐபிசி × கிளாக்). 80 கோடி கட்டளைகளை ஐபிசி 4-இல் ஓட்டினால் 20 கோடி சைக்கிள். வெக்டர் கட்டளைகளுக்கு (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாள்பவை) மாற்றி, அதே வேலை 10 கோடி கட்டளைகளாகச் சுருங்கி ஐபிசி 2-க்கு இறங்கினாலும் 5 கோடி சைக்கிள்தான். ஐபிசி பாதியானது, நேரமோ கால்வாசி. எனவே ஒரே பைனரியை (கம்பைல் செய்து முடித்த நிரலை) ஒப்பிடும்போது மட்டும் ஐபிசியை முன்வைப்பது நல்லது. கிளாக்கை மட்டும் சொல்வதும் அதே தவறு: 2000-இல் 1.4 கிகாஹெர்ட்ஸில் வந்த பென்டியம் 4, சில நிரல்களில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் III-க்குப் பின்தங்கியது.

சதவீதத்தைத் தவிர்க்கலாம். 10 விநாடி 5 ஆனால் "50% வேகம்" என்று ஒருவரும் "100% வேகம்" என்று இன்னொருவரும் எழுதுவார்கள். "10 விநாடியிலிருந்து 5 விநாடி, ஒரு கோர், 4 கிகாஹெர்ட்ஸில் நிலையாக வைத்து அளந்தது" என்று எழுதினால் யாரும் மறுபடி கேட்க வேண்டியிராது.