அஞ்சரை மணிக்கு 99 ரூபாய்

எங்கள் டெலிகிராம் குரூப்பில் காலை 5:30க்கு முதல் வினா விழும். மொத்தம் பத்து வினா, எல்லாமே டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்கான பொதுத்தமிழ். மாதச் சந்தா 99 ரூபாய். "ஸ்கூல் புஸ்தகத்துல இருக்கறதுக்கு எதுக்குக் காசு?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தப் புத்தகங்கள் நெட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன. நானும் அதிலிருந்துதான் வினா எடுக்கிறேன்.

குரூப் 4ஐ நானே இரண்டு தடவை எழுதினேன். இரண்டாம் தடவை ஒன்றரை மதிப்பெண்ணில் போயிற்று. ஒன்றரை என்றால் ஒரே ஒரு வினா. 200 வினாவுக்கு 300 மதிப்பெண் என்பது எழுதினவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு குழந்தை பிறந்தது, படிப்பதை விட்டேன். கையில் குறிப்பு நோட்டுகள் மட்டும் ஏழு இருந்தன.

முதலில் நடத்தியது இலவச சேனல். எண்ணூறு பேர் இருந்தார்கள். தினம் வினா போடுவேன், கைகூப்பும் பொம்மை நிறைய வரும். ஆனால் சேனலில் வினா போட்டால் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்றுதான் தெரியும், யார் என்று தெரியாது. எண்ணூறில் முப்பது பேர் பதில் சொன்னால் அது நல்ல நாள். குரூப்பாக இருந்தால், பெயர் தெரிகிற மாதிரி வினா போடலாம். அதனால் குரூப் தொடங்கினேன், கூடவே 99 ரூபாய் என்றும் சொன்னேன். அன்று பணம் கட்டியவர்கள் 23 பேர்.

வினா எழுதுவது சுலபம், விளக்கம் எழுதுவதுதான் பாடு. தப்பான விடையை அழுத்தினால் கீழே விளக்கம் வரும். அதற்கு டெலிகிராம் தரும் இடம் 200 எழுத்து. அதன் கணக்கும் நம் கணக்கும் வேறு. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. மெய்க்கு மேலே வைக்கும் புள்ளியையும் தனியாக எண்ணும், கொக்கி, கொம்பு எதையும் விடாது. ஓரெழுத்து ஒருமொழி 42 என்கிறது நன்னூல், அதில் நொ, து இரண்டு மட்டும் குறில், மீதி நாற்பதும் நெடில் என்று ஒரு நாள் விளக்கம் அடித்துக்கொண்டிருந்தேன். 'நொ' ஓரெழுத்து என்று நான் பாடம் எடுக்கிறேன், டெலிகிராம் அதை இரண்டு என்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தியார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. இரவு பதினொரு மணிக்கு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லை எடுத்தால் நான்கு எழுத்து மிச்சமாகும் என்று பார்ப்பதுதான் இப்போது என் வேலை.

பணம் வாங்குவது தனிக் கூத்து. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் போன மாத ஸ்கிரீன்ஷாட்டில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பினான், அந்த எழுத்து மட்டும் கொஞ்சம் தடியாக இருந்தது. இப்போது பணம் அனுப்பியதற்கு அடையாளமான 12 இலக்க யூடிஆர் எண்ணை வாங்கி, பேங்க் ஆப்பில் பார்த்த பிறகுதான் லிங்க். அந்த லிங்க்கும் ஒருத்தர் நுழைந்ததும் செத்துவிடும்.

அப்புறம் அந்த பிடிஎஃப் கதை. வாரா வாரம் வினாக்களைத் தொகுத்துத் தருவேன், ஒவ்வொருவர் பிரதியின் அடியிலும் அவர் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது ஏதோ ஒரு இலவச சேனலில் கிடந்தது, அடியில் நான்கு இலக்கம் அப்படியே. கூப்பிட்டேன். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண். "சாரிக்கா, நாங்க ரூம்ல நாலு பேர். ஆளுக்கு இருபத்தஞ்சு ரூபா போட்டோம். யாரு அனுப்பினான்னு தெரியலக்கா" என்றாள். கோபமாகத்தான் கூப்பிட்டேன். நாலு இருபத்தைந்து நூறு ஆயிற்றே, மிச்சம் ஒரு ரூபாய் யாரிடம் என்று வாயில் வந்துவிட்டது. அவளும் சிரித்துவிட்டாள். பிடிஎஃப் தருவதை அன்றோடு நிறுத்தினேன். இரண்டு பேராவது சந்தாவை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன், ஒருவரும் நிறுத்தவில்லை. அதே ரூமிலிருந்து இரண்டு பேர் தனித்தனியாகப் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். பிடிஎஃப்பை நாலு பேர் பங்கு போடலாம், தினம் யார் பதில் சொன்னார்கள் என்று நான் குறிக்கும் பட்டியலில் ஒரு பெயர்தானே வரும்.

அந்தப் பட்டியல் வந்தது என் தப்பால். நாற்பது வயதைத் தாண்டி எழுதுகிற ஒரு அக்கா, அங்கன்வாடியில் வேலை. மூன்று வாரம் ஒரு வினாவுக்கும் பதில் சொல்லவில்லை. நான் கவனிக்கவே இல்லை, சந்தா வந்திருந்தது, அதோடு விட்டேன். மாதக் கடைசியில் அவரே எழுதினார்: "பணம் கட்டிட்டேன்மா. ஆனா நான் வரலன்னு நீ ஒரு நாள்கூட கேக்கலையே." அதற்கு என்ன பதில் எழுதுவது? ரொம்ப நேரம் டைப் அடித்து அடித்து அழித்தேன். கடைசியில் "மன்னிச்சுக்கங்க அக்கா" மட்டும் போயிற்று. மறுநாளிலிருந்து எக்செல் ஷீட்டில் பெயருக்கு நேராக டிக். இரண்டு நாள் டிக் விழாவிட்டால் நானே தனியாக மெசேஜ் போடுவேன்.

2025 ஏப்ரல் 25ஆம் தேதி அறிவிப்பு வந்தது, 3,935 இடம். குரூப் ஒரே வாரத்தில் 140ஐத் தொட்டது. ஜூலை 12 தேர்வு முடிந்தது, அடுத்த மாதச் சந்தா கட்டியவர்கள் 11 பேர். இந்தத் தொழிலில் இப்படித்தான். அறிவிப்பு வந்தால் கல்யாண வீடு, தேர்வு முடிந்தால் பந்தல் பிரித்த மறுநாள். இடையில் கடன் ஆப் விளம்பரம் ஒன்று போட்டால் மாதம் இரண்டாயிரம் தருவதாக ஒருவர் வந்தார். வேலை இல்லாதவர்கள் கூடியிருக்கிற இடத்தில் அதைப் போடுவதா? பதிலே எழுதவில்லை.

பதினொரு பேருக்காக அஞ்சரைக்கு எழ வேண்டுமா, முந்தின ராத்திரியே நேரம் குறித்து வைத்துவிடலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். வினாவை அப்படித்தான் வைக்கிறேன். ஆனால் பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுகிற தம்பி ஒருவன் 5:31க்குப் பத்துக்கும் பதில் போட்டுவிட்டு, "அக்கா, ஏழாவதுல எனக்கு டவுட்" என்பான். எட்டு மணிக்கு அவன் வேலைக்குப் போயாக வேண்டும்.

இன்று காலை ஒன்பது டிக். வராத இரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சலாம். இன்னொருவர் அந்த அங்கன்வாடி அக்கா. "என்னக்கா, ரெண்டு நாளா காணோம்?" என்று ஆறு மணிக்கே போட்டேன். இதை எழுதும்வரை ஒற்றை டிக்கில்தான் நிற்கிறது.