பாக் நீரிணை குறித்த ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளராக இருந்தபோது

"கச்சத்தீவு யாருக்குச் சொந்தம்?" என்பதுதான் அந்த மாணவி கொண்டுவந்த முதல் தலைப்பு. அதற்குச் சட்டத் துறையில் விடை தேடலாம், எங்கள் துறைக்கு அது போதாது என்றேன். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் எல்லை வகுத்தது. 1976 ஒப்பந்தம் அதை மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நீட்டியது. அந்த எல்லை வந்தபின் கடலுக்குப் போகிறவரின் பிழைப்பு எப்படி மாறியது, யார் யார் வீட்டுக்குள் அது நுழைந்தது என்று கேட்பதுதான் மானுடப் புவியியலின் வேலை. தலைப்பு மாறுவதற்கே பல மாதங்கள் பிடித்தன. அந்த மாதங்கள் வீண் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை.

பாடநெறி, பதிவு போன்றவை பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி நடந்து முடிந்தன. ஆய்வு ஆலோசனைக் குழுவில்தான் வாதம் எழுந்தது. வினாத்தாளும் சதவீத அட்டவணையும் இல்லாமல் இது எப்படி ஆய்வாகும் என்று ஒருவர் கேட்டார். கணவர் இலங்கைச் சிறையில் இருக்கும் பெண் கட்டங்களில் குறியிட்டுப் பதில் சொல்லமாட்டார், அவர் பேசுவதை உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும் என்று நான் வாதாடினேன். மாணவருக்காக இப்படிப் பேசுவது நெறியாளரின் கடமை என்பதே என் எண்ணம்.

களப்பணிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தைத் தேர்ந்தெடுத்தோம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்களில்தான் ஆட்கள் வலை பழுதுபார்த்துக்கொண்டே நிதானமாகப் பேசுவார்கள். முதல் அத்தியாயத்தின் வரைவைப் படித்ததும், இது ராமேஸ்வரத்தின் குரல் மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அக்கரையில் இருப்பவர்களும் தமிழ் பேசும் மீனவர்களே. போரின்போது கடலுக்குப் போக முடியாமல் முடங்கி, 2009க்குப் பிறகு கடன் வாங்கித் தொழிலை மீட்டவர்கள். நம் விசைப்படகுகள் கடலடியை வாரி இழுத்துச் செல்லும் இழுவைமடி அவர்களுடைய வலைகளை அறுத்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017இல் அந்த முறையைச் சட்டப்படி தடைசெய்தது. இதை எழுதினால் ஊரில் தன்னைத் துரோகி என்பார்களோ என்று மாணவி அஞ்சினார். "ஐயா, நானும் அந்தக் கரைக்காரிதானே?" என்றார். அதனால்தான் நீங்கள் எழுத வேண்டும் என்றேன். மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்வந்தபின் அவர் எழுதிய அத்தியாயம்தான் ஆய்வேட்டிலேயே வலுவானது. இரு அரசுகள் மோதும் கதையாக மட்டும் அதன்பின் அதை யாரும் படிக்க முடியாது.

மற்ற எதையும்விட நாங்கள் அதிகம் பேசியது தரவுகளின் பாதுகாப்பைப் பற்றித்தான். நம்பிக்கையோடு சில மீனவர்கள் தங்கள் ஜிபிஎஸ் கருவியில் இருந்த பாதைகளைக் காட்டினார்கள். புவியியல் மாணவருக்கு அது பொக்கிஷம். ஆனால் பட்டம் வழங்குவதற்கு முன்பே ஆய்வேட்டின் மின்பிரதி பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையத்துக்குப் போக வேண்டும். அதன் இணைய ஆய்வேட்டுக் களஞ்சியமான ஷோத்கங்காவில் யார் வேண்டுமானாலும் அதைத் தரவிறக்கலாம், கடற்படையினர் உட்பட. எனவே புள்ளிகளை நீக்கிவிட்டுப் பரந்த பகுதிகளாக மட்டும் வரைபடத்தில் நிழலிட்டோம். படகின் பதிவு எண், ஊர், கைதான ஆண்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெயர் இல்லாமலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் அவற்றையும் பிரித்து எழுதச் சொன்னேன். அழகான வரைபடம் ஒன்று போனதில் அவருக்கு வருத்தம்தான்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் சரியாக அந்த வரைபடத்தையே பிடித்துக்கொண்டார். துல்லியம் ஏன் குறைவு என்று கேட்டார். மாணவி தயங்காமல் காரணங்களை விளக்கினார். அவையில் பார்வையாளராக வந்திருந்த மீனவர் ஒருவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டம் கிடைத்துவிட்டது. ஆய்வின் முடிவுகளை எளிய தமிழில் ஒரு சிறு நூலாக எழுதி இரு கரைச் சங்கங்களுக்கும் கொடுக்கும்படி இப்போது அவரிடம் சொல்லியிருக்கிறேன்.