வழியில் காத்திருப்பவர்களுக்கு: ஒரு தைவான் தின்பண்ட நாட்குறிப்பு

14 டிசம்பர் 2024, சனி, தைபே

சேலத்திலிருந்து புறப்படும்போது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்குப் புடவை கிடவை எல்லாம் வேண்டாம் கண்ணு. அந்த ஊர்ல என்ன சாப்பிடறாங்களோ, அதுல நானும் சாப்பிடற மாதிரி ஏதாவது கொண்டு வா." அம்மா முட்டையையும் தொடாதவர். தைவானின் பழைய பலகாரங்களில் பலவும் பன்றிக்கொழுப்பு விட்டுப் பிசைந்தவை என்பது வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு ஊரின் பெயர்பெற்ற பண்டத்தையும் அந்த ஊரிலேயே தேடி, அதில் என்னென்ன சேர்கிறது என்று கேட்டறிந்து, அன்றன்றே எழுதி வைப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.

இன்று முழுவதும் தீஹுவா வீதியில் கழிந்தது. தாதாஒச்செங் என்னும் பழைய ஆற்றுத்துறையை ஒட்டி வளர்ந்த கடைவீதி இது. 1869இல் இங்கிருந்துதான் தைவானின் ஊலாங் தேயிலை இரண்டு பாய்மரக் கப்பல்களில் நேராக நியூயார்க்குக்குச் சென்றது. இப்போது காளான், உலர்ந்த இறால், பேரீச்சையைப் போன்ற செந்நிற இலந்தை, மீன்சினை, தேயிலை என உலர்த்தி வைக்கக்கூடிய அனைத்தும் மூட்டைகளில் வாய் திறந்து கிடக்கின்றன. சந்திரப் புத்தாண்டு நெருங்கும்போது இங்கே நடக்க இடம் இருக்காது என்று தேயிலைக் கடை மூதாட்டி சொன்னார்.

அவரிடம்தான் ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டேன். ஊருக்குப் போய் வருபவர் கொண்டு வரும் பண்டத்துக்கு மாண்டரினில் பான்ஷௌலி என்று பெயர். கையோடு வரும் பரிசு என்று பொருள். ஆனால் தைவானியப் பேச்சுமொழியான ஹொக்கியனில் அதற்கு இன்னொரு சொல் உண்டு: தான்லோ. அதைப் பிரித்தால் வழியில் காத்திருத்தல் என்று வருகிறது. சந்தைக்குப் போன தாய் எப்போது திரும்புவாள் என்று தெருமுனையில் நிற்கும் குழந்தைக்கான பண்டம் அது. எங்கள் வீட்டில் இப்போது காத்திருப்பவர் அம்மா.

15 டிசம்பர், ஞாயிறு, தைபே

அன்னாசிக் கேக்கில் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. விமான நிலையம் முதல் தெருமுனைக் கடை வரை தைவானின் அடையாளமாக விற்கப்படுவது இதுதான். இதன் பெயர் ஃபெங்லிசூ. ஹொக்கியனில் அன்னாசியை ஓங்லாய் என்கிறார்கள். செழிப்பு வருக என்று சொல்வதும் அதே ஒலியில் அமைகிறது. அதனால் கோயில் படையலிலும் கடைத் திறப்பு விழாவிலும் அன்னாசி இடம்பெறுகிறது. முன்பு நிச்சயதார்த்தத்துக்குப் பெரிய வட்ட அப்பமாகச் செய்ததைத்தான் பிற்காலத்தில் ஒருவர் கையில் அடங்கும் அளவுக்குச் சுருக்கினார்கள்.

உள்ளே இருப்பது முழுக்க அன்னாசி அல்ல என்பது பலருக்கும் தெரிவதில்லை. பழைய முறையில் வெண்பூசணியை நறுக்கி, நீரைப் பிழிந்து, சர்க்கரையும் அன்னாசியும் சேர்த்துக் கெட்டியாகக் கிளறுகிறார்கள். அந்தக் காலத்து அன்னாசி நார் மிகுந்தது, பல் கூசும் புளிப்புடையது. பூசணிதான் அதை மெத்தென்று ஆக்கியது. கடந்த இருபது ஆண்டுகளுக்குள் இந்த நிலை தலைகீழாகி, பூசணி கலவாத, நாரும் புளிப்பும் நிறைந்த நாட்டு அன்னாசிக் கேக் நாடெங்கும் புகழ் பெற்றது. 2021 மார்ச் 1 முதல் சீனா தைவான் அன்னாசியின் இறக்குமதியை நிறுத்தியபோது, உள்ளூர் மக்களும் ஜப்பானியரும் போட்டி போட்டுக்கொண்டு பழம் வாங்கியதைக் கடைக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது நாட்டு அன்னாசிதான். பால் சேர்க்காத தேநீரோடு அந்தப் புளிப்பு நன்றாக ஒத்துப்போகிறது. ஆயினும் அம்மாவின் பல்லுக்குப் பூசணி கலந்ததே ஏற்றது.

மூன்று கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை. ஒன்றில் பன்றிக்கொழுப்பு, மற்ற இரண்டில் வெண்ணெய்தான், ஆனால் முட்டை இருந்தது. பெட்டியில் என்ன பார்க்க வேண்டும் என்பதையாவது தெளிவாகத் தெரிந்துகொண்டேன். சைவ உணவுக்கு "சூ" என்ற எழுத்து உண்டு. அதைப் பார்த்ததும் வாங்கிவிடக் கூடாது. அதனருகே எந்த வகைச் சைவம் என்றும் குறித்திருப்பார்கள். முழுச் சைவம், முட்டைச் சைவம், பால் சைவம், பாலும் முட்டையும் சேர்ந்த சைவம், வெங்காயம் பூண்டு வகைகள் சேர்ந்த சைவம் என்று ஐந்து பிரிவுகள். நம் ஊர்க்காரர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் மூன்றாவது.

இன்று பௌர்ணமி. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் உண்ணும் வழக்கம் இங்கே பலருக்கு உண்டு என்பதால், இரவு நான் சென்ற சைவ உணவகத்தில் இடம் கிடைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

16 டிசம்பர், திங்கள், ஷின்சு

ரயிலை விட்டு இறங்கியதுமே காற்று முகத்தில் அறைந்தது. இலையுதிர் காலத்தில் தொடங்கி மாதக்கணக்கில் அடிக்கும் இந்த வறண்ட வடகிழக்குக் காற்றுதான் இவ்வூரின் மூலதனம். "மூன்று பங்கு வெயில், ஏழு பங்கு காற்று" என்பது ஷின்சு அரிசி நூடுல்ஸ் செய்பவர்களின் சொலவடை.

மாமா முறை சொல்லத்தக்க வயதுடைய ஒருவர் தம் பட்டறையைக் காட்டினார். அரிசியை ஊறவைத்து அரைத்து, நீரைப் பிழிந்து, அரைவேக்காட்டில் அவித்து, மீண்டும் பிசைந்து, துளைத்தட்டின் வழியே பிழிந்து, திரும்பவும் அவிக்கிறார்கள். இதுவரை எல்லாம் எங்கள் வீட்டுச் சந்தகைதான். இதற்கு மேல் நடப்பதுதான் வேறு. சூடு ஆறாத இழைகளை இருவர் கைகளால் பிரித்து, கை அகலத்துக்கு மடித்து, மூங்கில் தட்டுகளில் பரப்பி, தட்டுகளைக் காற்று வரும் பக்கம் பார்த்துச் சாய்த்து நிறுத்துகிறார்கள். வெயில் மட்டும் இருந்தால் வெளிப்புறம் முறுகி இழை ஒடிந்துவிடும். காற்றுதான் உள்ளிருக்கும் ஈரத்தையும் மெதுவாக இழுத்துக்கொள்கிறது என்றார். ஒரு மடிப்பைக் கையில் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று இல்லை. பழைய கதர்த் துணியின் நிறம். முகர்ந்தால் அரிசி களைந்த நீரின் மணம்.

சோளமாவு கலந்த நூடுல்ஸ் சந்தையில் மிகுதி என்பதால், முழுவதும் அரிசியால் ஆனதற்கே தூய அரிசி நூடுல்ஸ் என்ற பெயரை இப்போது சட்டம் அனுமதிக்கிறது. நான்கு பொட்டலம் வாங்கினேன். இதில் அம்மாவுக்குத் தடையாக எதுவுமே இல்லை.

பிற்பகலில் ஷின்பூவுக்குச் சென்றேன். தனிப் பேச்சுமொழி கொண்ட சீன வம்சாவளியினரான ஹக்கா மக்களின் ஊர் அது. அதே காற்றில் தோல் சீவிய பெர்சிமன் பழங்கள் ஆரஞ்சு நிறத்தில் தட்டுத் தட்டாகக் காய்கின்றன. காயக் காயக் கையால் அமுக்கித் தட்டையாக்குகிறார்கள். மேலே படியும் வெண்பொடியைப் பூஞ்சை என்று நினைத்துவிடக் கூடாது. அது பழத்தின் சர்க்கரையே வெளியில் பூத்தது.

17 டிசம்பர், செவ்வாய், தைச்சுங்

இவ்வூரின் பண்டம் சூரிய அப்பம். ஸ்வதந்திரச் சாலை என்று பொருள்படும் ஸூயூ சாலையில் அடுத்தடுத்து இதன் கடைகள்தான். அடுக்கடுக்காக உதிரும் மேல்தோடு, உள்ளே பாகுபோல் இளகிய மால்ட் சர்க்கரை. தோட்டுக்குப் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பே. முதியவர்கள் இதைக் கிண்ணத்தில் உடைத்துப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கஞ்சியாகக் குடிப்பதைப் பார்த்தேன்.

கரிய உருண்டைகளைப் போட்டுக் கொடுக்கும் முத்துத் தேநீர் 1980களில் உருவானது. தைச்சுங்கின் சுன் ஷூய் தாங், தைனானின் ஹான்லின் ஆகிய இரு கடைகளும் அதைத் தாமே தொடங்கியதாகச் சொல்லி நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. அது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பானம், எனவே யார் முதல் என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்று 2019இல் வழக்கு முடிந்தது. அந்தக் கரிய முத்துகள் மரவள்ளி மாவால் ஆனவை. ஜவ்வரிசி ஆலைகளின் நடுவே வளர்ந்த எனக்கு, அதே மாவு இங்கே கருஞ்சர்க்கரையில் ஊறிப் பல்லுக்கு இழுவையாக நிற்பது மிகுந்த வியப்பளித்தது. வேகவைத்த முத்து சில மணி நேரத்தில் கெட்டிப்பட்டுவிடும் என்பதால் இது கையோடு வரும் பண்டம் அல்ல.

18 டிசம்பர், புதன், லூகாங்

தைவானின் பழைய பெருந்துறைகளை வரிசைப்படுத்தும்போது முதலில் தைனான், இரண்டாவது லூகாங் என்பார்கள். துறை தூர்ந்து கப்பல்கள் போய்விட்டன. பலகாரம் மட்டும் தங்கிவிட்டது. 1877இல் தொடங்கிய யூ ஜென் ஜாய் என்ற கடை இன்னும் நடக்கிறது.

நான் மணிக்கணக்கில் நின்றது ஃபீனிக்ஸ் கண் அப்பத்தின் முன்னால். அரிசிமாவும் பொடித்த சர்க்கரையும் மர அச்சில் அழுத்தி எடுத்தது; கொழுப்பும் இல்லை, முட்டையும் இல்லை. நாக்கில் வைத்ததும் கரைந்துவிடுகிறது. கைதவறினாலும் பொடியாகிவிடுகிறது என்பதால், துணிகளுக்கு நடுவே வைத்தால்தான் ஊர் வந்து சேரும்.

கோயில் அருகே ஒரு சந்தில் கணவன் மனைவி இருவர் நடத்தும் சிறிய கடையில், நான் தைபேயில் தேடி அலைந்த அன்னாசிக் கேக் கிடைத்தது. விரத நாட்களில் கோயிலுக்கு வருபவர்களுக்காகவே முட்டையில்லாமல், வெண்ணெயும் பால்பொடியும் மட்டும் சேர்த்துச் செய்கிறார்களாம். உள்ளே பழைய முறைப்படி பூசணி. பெட்டியில் பால் சைவம் என்று அச்சிட்டிருந்ததை அலைபேசிச் செயலியில் காட்டி ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்துகொண்டேன். "அம்மாவுக்கா?" என்று கேட்ட அந்தப் பெண்மணி, பெட்டியைக் கட்டியபின் தனியாக இரண்டு துண்டுகளை என் கையில் வைத்தார்.

19 டிசம்பர், வியாழன், யூச்சி

சூரிய சந்திர ஏரிக்கரையில் தேநீர். 1920களில் ஜப்பானிய ஆட்சியாளர்கள் அசாம் தேயிலையை இங்கே கொண்டு வந்து நட்டார்கள். ஆட்சி மாறி, ஏற்றுமதி சரிந்து, தோட்டங்கள் பாக்குத் தோப்புகளாயின. 1999இல் இரண்டு நிகழ்வுகள் நேர்ந்தன: பர்மியத் தேயிலையையும் தைவானின் காட்டுத் தேயிலையையும் கலந்து உருவாக்கிய 18ஆம் எண் வகை வெளியானது, அதே ஆண்டு செப்டம்பர் 21இல் இந்த நான்டோ மாவட்டத்தைப் பெரும் நிலநடுக்கம் குலைத்தது. வீடிழந்தவர்கள் மீண்டும் எழுந்தபோது கறுப்புத் தேயிலையைத் தம் ஊரின் தொழிலாகப் பற்றிக்கொண்டார்கள். மாணிக்கம் என்று பெயரிட்ட இந்தத் தேயிலையில் இலவங்கப்பட்டையும் புதினாவும் சேர்ந்த மணம் இயல்பாகவே இருக்கிறது. நூற்றைம்பது கிராம் டின் இரண்டு வாங்கினேன்.

20 டிசம்பர், வெள்ளி, ஜியாயி

"அத்தி பூத்தாற்போல" என்கிறோம். அந்த அத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் விதையிலிருந்துதான் ஐயூ என்னும் கட்டி வருகிறது. அலிஷான் மலைச்சரிவுகளில் மரங்களைப் பற்றி ஏறும் இக்கொடியின் மறைந்த பூக்களுக்குள் ஒரு சிறு குளவி நுழைந்தால்தான் விதை பிடிக்கும். காயை வெட்டி, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி உலர்த்தி விற்கிறார்கள்.

தங்கிய வீட்டில் எனக்கும் செய்யக் கொடுத்தார்கள். விதையைத் துணிப்பையில் கட்டி, குளிர்ந்த நீரில் அமிழ்த்திப் பிசைய வேண்டும். அடுப்பும் இல்லை, மாவும் இல்லை. பத்து நிமிடம் பிசைந்தேன். வழவழப்பு வந்தது, ஆனால் ஒரு மணி நேரம் ஆகியும் உறையவில்லை. வீட்டுக்கார அம்மாள் என் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்துக் காரணத்தைச் சொன்னார். நான் ஊற்றியது தாதுக்கள் முழுவதும் நீக்கப்பட்ட நீர். விதையிலிருந்து வரும் பெக்டின் உறைவதற்கு நீரில் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கையில் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கலாகாது. கையை நன்றாகக் கழுவிவிட்டு, காய்ச்சி ஆறிய குழாய்நீரில் மீண்டும் பிசைந்தேன். பிசையும்போதே பையைச் சுற்றி நீர் கனமாவது விரல்களுக்குத் தெரிந்தது. அரை மணியில் தேன் நிறத்தில் நடுங்கும் கட்டி. எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் விட்டுக் கொடுத்தார்கள்.

கொண்டு போக ஆசைதான். ஆனால் விதை என்றால் நம் நாட்டில் தாவரத் தொற்றுத்தடை விதிகள் உண்டு. அனுமதியில்லாமல் எடுத்துச் செல்வது சரியல்ல என்று விட்டுவிட்டேன்.

21 டிசம்பர், சனி, ச்சியேதிங், பிறகு தைனான்

இன்று குளிர்காலக் கதிர்த்திருப்பம். இந்த நாளை ஒட்டித்தான் மடவை மீன்கள் குளிர்நீரோடு தெற்கே வருகின்றன. நம் கடற்கரையிலும் உள்ள அதே மடவை. ச்சியேதிங் துறைமுகத்தருகே அதன் சினைப்பைகளை உப்பிட்டு, பலகையில் அழுத்தி, வெயிலில் காயவைக்கிறார்கள். விரும்புபவர்கள் வாங்கலாம்; மதுவில் தோய்த்து இலேசாகச் சுட்டு, முள்ளங்கித் துண்டுடன் உண்பது முறை. நான் ஒரு துண்டு உண்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

மாலையில் தைனானில் சிவப்பும் வெள்ளையுமான அரிசிக் கொழுக்கட்டை உருண்டைகளை இனிப்பு நீரில் மிதக்கவிட்டுக் கொடுத்தார்கள். இதை உண்டால் ஒரு வயது கூடும் என்பார்கள்.

22 டிசம்பர், ஞாயிறு, தாஒயுவான்

பெட்டி கட்டியாயிற்று. நூடுல்ஸ் ஓரங்களில், அப்பம் நடுவில், தேயிலை மேலே.

24 டிசம்பர், செவ்வாய், சேலம்

அம்மா எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஃபீனிக்ஸ் கண் அப்பத்தில் இரண்டு மட்டும் உடைந்திருந்தன. அந்தப் பொடியையும் விடாமல் விரலால் தொட்டு உண்டார். நூடுல்ஸை முகர்ந்து பார்த்து, நாளைக்கு எலுமிச்சை பிழிந்து தாளிக்கலாம் என்றார்.

அன்னாசிக் கேக்கை நான்காக வெட்டிக் கொடுத்தேன். உள்ளே என்ன என்று நான் சொல்லவில்லை. மெதுவாக மென்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அன்னாசி வாசனை வருது. ஆனா இது நம்ம காசி அல்வாப் பூசணி மாதிரில்ல இருக்கு, கண்ணு?"

லூகாங் பெண்மணி தனியாகக் கொடுத்த இரண்டு துண்டுகளையும் எடுத்து அம்மா பக்கம் நகர்த்தினேன்.