பிள்ளை ஒண்ணுக்குப் போனானா?

போன ஐப்பசி அடைமழையில் தங்கச்சி மகனுக்கு டெங்கு வந்தது. ஏழு வயது, திருநெல்வேலி பேட்டையில் வீடு. ரெண்டாம் நாளே என்எஸ்1 பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அப்புறம் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: பிளேட்லெட் எவ்வளவு? சென்னையிலிருந்து பெரியப்பா, துபாயிலிருந்து மச்சான், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி காலையும் ராத்திரியும் போன். பப்பாளி இலைச் சாறும் நடந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் உடம்பைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டாச்சு என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுத் தங்கச்சி இட்லி அவிக்கப் போய்விட்டாள். ஆச்சிதான் அவன் பாதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏட்டி, பிள்ளை கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?” என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அவனைக் கேட்டால் நேற்றுச் சாயங்காலமாம். வயிறு வேறு வலிக்கிறதாம்.

டவுன் நெரிசலைத் தாண்டி, சுலோச்சன முதலியார் பாலம் ஏறி, பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. டாக்டர் நாடியைப் பிடித்த உடனேயே சலைன் போடச் சொல்லிவிட்டார். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியே போய்விடுமாம். ரத்தம் கெட்டியாகி, சிறுநீரகத்துக்குப் போகிற ஓட்டம் குறைந்து, அது இருக்கிற தண்ணீரையாவது காப்பாற்றலாம் என்று மூத்திரத்தை நிறுத்திவிடும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் அநேகமாக மீண்டுவிடும், விட்டுவிட்டால் டயாலிசிஸ் வரை போகலாம் என்றார். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் அவன் ரத்தத்தில் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

அடுத்து, என்ன மருந்து கொடுத்தீங்க என்று கேட்டார். பாராசிட்டமால் என்று தங்கச்சி சொல்ல, நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன். சீக்கிரம் இறங்கும் என்று மெடிக்கலில் சொன்னதை நம்பி நான் வாங்கிக் கொடுத்த சிரப். பாராசிட்டமாலோடு மெஃபனாமிக் ஆசிடும் கலந்தது. அதுவும் ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக் ஊசியும் டெங்குவுக்கு ஆகவே ஆகாது, ஏற்கெனவே ரத்தம் குறைந்து தவிக்கிற சிறுநீரகத்துக்கு இன்னும் குறைக்கும், வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். லேபிளைப் படிக்கக்கூடத் தெரியாதவனா நான்? சரி, விடுங்கள்.

ராத்திரி முழுக்க மணிக்கு மணி சலைன் வேகத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் “ரெண்டு பாட்டில் சேர்த்து ஏத்தச் சொல்லுங்க தம்பி” என்று யோசனை சொன்னார். அதுவும் தப்புதான், கசிந்த நீர் ரெண்டொரு நாளில் திரும்ப ரத்தத்துக்கே வரும், அப்போது அதிகமாக ஏற்றியிருந்தால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். கடுங்காப்பி நிறத்தில் ஒண்ணுக்கு வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார், தசையோ ரத்த அணுக்களோ சிதைகிறதற்கு அது அடையாளமாக இருக்கலாமாம்.

ரெண்டரை மணிக்குப் போனான். மஞ்சளாகத்தான் இருந்தது. அளக்கிற பாட்டிலைத் தங்கச்சி நிறைகுடம் மாதிரி ரெண்டு கையாலும் பிடித்து நர்ஸிடம் கொண்டுபோனாள்.

ரெண்டு வாரம் கழித்து எடுத்ததில் கிரியாட்டினின் சரியாக இருந்தது. இப்போது லேசாக உடம்பு சுட்டாலும் ஆச்சி அதே கேள்வியைக் கேட்கிறாள், அதுவும் அவன் கூட்டாளிகள் முன்னால். “போங்காச்சி” என்று ஓடிவிடுகிறான்.